பினாங்கு ஓடையில் ஒரு சண்டைக்காரன்

பினாங்கின் பெயரைச் சுமக்கும் மீன் ஒன்று உண்டு. மீன் வளர்ப்பவர்கள் அதைப் 'பினாங்கு பெட்டா' என்பார்கள். அறிவியல் பெயர் பெட்டா பக்னாக்ஸ். பக்னாக்ஸ் என்றால் இலத்தீனில் சண்டைப் பிரியன்; முஷ்டியை மடக்கிக்கொண்டே திரிகிற ஆள். பெயரைக் கேட்டுவிட்டு மீனைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். விரல் நீளம், காய்ந்த இலையின் பழுப்பு, வெளிச்சம் சரியாக விழுந்தால் கன்னத்தில் கொஞ்சம் பச்சை மினுக்கம். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில், வேர்களுக்கும் ஊறிய இலைகளுக்கும் நடுவே தன்பாட்டில் நிற்கும். ஆண் மீன்தான் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். அந்த நாட்களில் அது சாப்பிடுவதும் இல்லை. துடுப்பை விரித்து இன்னோர் ஆணை முறைத்துப் பார்ப்பது உண்டுதான். ஆனால் அந்த அளவுக்கு முறைக்காத ஆண்பிள்ளை எந்த இனத்தில் இருக்கிறான்?

இப்படிப்பட்ட ஒரு ஜீவனுக்கு ரவுடிப் பட்டம் கிடைத்தது 1849-இல். கொடுத்தவர் தியோடர் கேண்டர். கோபன்ஹேகனில் 1809-இல் பிறந்த டேனிஷ்காரர், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தை நடத்திய நத்தானியேல் வாலிக் இவருக்குத் தாய்மாமன். மாமனும் மருத்துவராகத்தான் வங்காளத்தில் டேனிஷ்காரர்கள் வைத்திருந்த செராம்பூருக்கு வந்தார். பிரிட்டிஷார் அந்த ஊரைப் பிடித்துக்கொண்டபோது கைதியானார், பிறகு பிடித்தவர்களிடமே வேலைக்குச் சேர்ந்து பெரிய ஆளானார். மாமன் செடிகளைச் சேகரித்தார். மருமகன் பாம்பு, தவளை, மீன் பக்கம் போனார்.

இங்கே தமிழ் வாசகர்களுக்காக ஒரு சின்ன விலகல். டேனிஷ்காரர்களுக்கும் நம் ஊர் மீன்களுக்கும் உள்ள உறவு கேண்டரிடம் தொடங்கவில்லை. தரங்கம்பாடி அப்போது அவர்கள் கையில் இருந்தது. 1791-இல் அங்கே டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, குளத்தோரம் நின்ற பனைமரத்தில் தண்ணீரிலிருந்து ஐந்தடி உயரத்தில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்ததாக எழுதினார். அந்தக் குறிப்பு 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வெளியானது. ஐரோப்பாவில் நிறையப் பேர் சிரித்தார்கள். தரங்கம்பாடியில் இருந்த பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், ஊர்க்காரர்கள் அதைப் 'பனையேறி' என்றே அழைப்பதைக் குறித்து வைத்தார். ஊர் வைத்த பெயர் அந்த மீன் என்ன செய்கிறது என்று பார்த்து வைத்தது. பனையேறிக் கெண்டைக்குத் தலைக்குள் லேபிரிந்த் என்ற மடிப்பு மடிப்பான உறுப்பு இருக்கிறது. அதனால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும், நிலத்தில் நகரும். அதே உறுப்பு பெட்டாவுக்கும் உண்டு. இரண்டும் தூரத்துச் சொந்தம்.

கேண்டர் கதைக்கு வருவோம். அபின் போரின்போது 1840-இல் பிரிட்டிஷ் படையோடு சீனாவின் சூசான் தீவுக்குப் போனவர் அவர். பீரங்கி ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் செடியும் பிராணியுமாகப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு பினாங்கு. அப்போது தீவின் அரசாங்கப் பெயர் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு, ஆட்சி கல்கத்தாவிலிருந்து. இங்கிருந்தபடி மலாய்த் தீபகற்பத்தின் பாலூட்டிகள் பற்றி 1846-லும், ஊர்வன பற்றி 1847-லும், மீன்கள் பற்றி 1849-லும் மூன்று பெரிய பட்டியல்களை எழுதி வங்காள ஆசியச் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்டார். மீன் பட்டியல் மட்டும் நானூறு பக்கத்தைத் தாண்டும். மூன்று பட்டியலிலும் கேண்டர் கவனமான மனிதர்.

அந்த மீன் பட்டியலில்தான் நம் ஆள் வருகிறான், 'மாக்ரோபோடஸ் பக்னாக்ஸ்' என்ற பெயரில். இந்த இனம் பினாங்கு மலைகளின் அடிவார ஓடைகளில் ஏராளமாக இருக்கிறது என்று எழுதுகிறார். தண்ணீர்மலை அடிவாரமும் அப்படிப்பட்ட ஓடை இறங்கும் இடம்தான். தைப்பூசத்தன்று பல்லாயிரம் பேர் நடக்கிற அந்தப் பாதைக்குப் பக்கத்தில் சலசலக்கும் தண்ணீரைக் கொஞ்சம் வேறு கண்ணோடு பார்க்கலாம். ஆனால் கேண்டருடைய குறிப்பில் நிறையப் பேர் படித்த பகுதி ஓடை மீனைப் பற்றியது இல்லை. சயாமில் சண்டைக்கென்றே வளர்க்கப்பட்ட மீனைப் பற்றியது. சயாம் மன்னர் பரிசளித்த மீன்கள் கைமாறி அவரிடம் வந்தன என்பது மீன் வளர்ப்பு நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. அவற்றைக் கண்ணாடிக் குவளையில் வைத்துக் கொசுப்புழு போட்டு மாதக்கணக்கில் வளர்க்கும் விதத்தை அவர் விவரிக்கிறார். சும்மா இருக்கும்போது மங்கலாக இருக்கிற மீன், இன்னொன்றைப் பார்த்தாலோ கண்ணாடியில் தன்னையே பார்த்தாலோ உலோகம் மாதிரி ஜொலிக்கிறது. செவுள் ஓரத்துச் சவ்வு கறுப்புக் காலர் போல விரிகிறது. எதிரி மறைந்த நொடியில் எல்லாம் அடங்கிவிடுகிறது. இவ்வளவையும் உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார்.

கேண்டர் போட்ட கணக்கு இதுதான்: சயாமின் சண்டை மீன் தனி இனம் இல்லை, பினாங்கு ஓடை மீனின் வளர்ப்பு வகை. மனிதர்கள் வளர்த்து வளர்த்து மாற்றியது. எனவே இரண்டுக்கும் ஒரே பெயர். சயாம் மீனின் ஆவேசம் பினாங்கு மீனின் நெற்றியில் எழுதப்பட்டது இப்படித்தான்.

அவருடைய குறிப்பில் எனக்கு முக்கியமாகப் படும் இன்னொரு செய்தி உண்டு. சயாமியர்கள் இந்த மீன் சண்டையில் பெரும் பணத்தையும், சில நேரம் தங்களையும் குடும்பத்தையுமே பணயம் வைக்கிறார்கள் என்றும், சண்டை நடத்தும் உரிமம் குத்தகைக்கு விடப்படுகிறது, அதில் மன்னருக்கு நல்ல வருமானம் என்றும் சொல்கிறார். படிக்கும் ஐரோப்பியர்களுக்கு இது கீழ்த்திசை விநோதம். ஆனால் எழுதியவர் இருந்த பினாங்கு எதில் ஓடிக்கொண்டிருந்தது? அதே குத்தகையில்தான். அபின் குத்தகை, சாராயக் குத்தகை, பன்றிக்கறிக்குக்கூடக் குத்தகை. ஏலம் எடுத்தவர் கம்பெனிக்கு மாதா மாதம் கட்டிவிட்டு மிச்சத்தை ஊரிடம் கறந்துகொள்வார். 1786-இல் ஃபிரான்சிஸ் லைட் கொடி ஏற்றிய பிறகு வரிக்கு வேறு பெரிய வழி இல்லாத துறைமுகம் இது. சயாமில் மீனை மோதவிட்டுப் பணம் பார்த்தார்கள். இங்கே வேறு எதையெல்லாமோ.

ஓடை மீனுக்கும் சயாம் மீனுக்கும் நடந்த இந்தப் பெயர்க் குழப்பம் அறுபது வருஷம் நீடித்தது. பெட்டா என்ற பேரினப் பெயரை டச்சு மருத்துவர் பீட்டர் ப்ளீக்கர் 1850-இல் ஜாவாவின் உள்ளூர்ப் பெயரிலிருந்து எடுத்து வைத்தார். (கவனிக்கவும், இவரும் ராணுவ மருத்துவர். அந்த நூற்றாண்டில் ஆசியாவின் மீன்களில் பாதிக்கு மேல் டாக்டர்கள் கையில்தான் ஞானஸ்நானம் பெற்றிருக்கும் போல.) பிறகு லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த சார்லஸ் டேட் ரீகன், ஆசியாவின் லேபிரிந்த் மீன்களை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்து, 1910-இல் வெளியான கட்டுரையில் முடிச்சை அவிழ்த்தார். சயாமின் சண்டை மீன் வேறு இனம், பினாங்கு மீன் வேறு இனம். சரி, 'சண்டைப் பிரியன்' என்ற பெயர் யாருக்குப் போக வேண்டும்? நியாயமாகப் பார்த்தால் சண்டை போடுகிறவனுக்கு. ஆனால் பெயரிடல் விதி நியாயம் பார்க்காது, முன்னுரிமை பார்க்கும். பக்னாக்ஸ் என்ற பெயர் பினாங்கு மீனுக்கு ஏற்கெனவே பதிவாகிவிட்டது, அங்கேயே தங்கியது. சண்டை மீனுக்கு ரீகன் புதுப் பெயர் தேடினார்: பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ். ஜொலிப்பவன் என்று அர்த்தம். அடிதடிக்காரன் அழகனானான். அடைகாக்கிற அப்பாவி அடிதடிக்காரனாகவே இருந்துவிட்டான்.

சையத் உசேன் அலாத்தாஸ் 1977-இல் எழுதிய 'சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை' நூலைப் படித்தவர்களுக்கு இந்த இடம் பரிச்சயமாக இருக்கும். மலாய்க்காரன் சோம்பேறி, சீனன் இப்படி, தமிழ்க் கூலி அப்படி என்று காலனி அதிகாரிகள் எழுதியதெல்லாம் எப்படி இயற்கை உண்மை மாதிரி ஆகிப்போனது என்பதை அவர் பிரித்துக் காட்டினார். மீனையும் மனிதனையும் ஒரே தராசில் போடுகிறேன் என்று கோபப்பட வேண்டாம். நான் சொல்வது பட்டியல் போடும் பழக்கத்தைப் பற்றி. ஒரே ஆட்கள், ஒரே காலம், ஒரே மாதிரிப் புத்தகங்கள். ஓர் உயிருக்கு ஒரு குணம், அந்தக் குணத்துக்கு ஒரு பெயர். பெயரை ஒட்டியபின் யாரும் ஓடைக்குப் போய்த் திரும்பப் பார்ப்பதில்லை.

இதில் இன்னொரு தமாஷும் உண்டு. நம் வடக்கு மாநிலங்களின் வயல் வாய்க்கால்களில் பையன்கள் பிடித்துப் போத்தலில் போட்டு மோதவிட்ட மீன், மலாயில் 'இக்கான் லாகா', பக்னாக்ஸ் கிடையாது. அது வேறு. கறுப்பு உடம்பு, நீலப் பச்சைச் செதில், வால் ஓரத்தில் பிறை மாதிரிச் சிவப்பு. 1975-இல் ஜெர்மானியரான வெர்னர் லாடிகஸ் அதற்கு வைத்த பெயர் பெட்டா இம்பெல்லிஸ். இம்பெல்லிஸ் என்றால் போர்க்குணம் இல்லாதவன், சாது. சயாம் மீனோடு ஒப்பிட்டால் சாதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் இந்த மண்ணில் மூன்று தலைமுறைப் பையன்கள் பணம் கட்டி மோதவிட்ட மீனுக்குப் பெயர் சாது, வாயில் முட்டையோடு நிற்கிற மீனுக்குப் பெயர் சண்டைக்காரன். 

சயாம் மீனின் ஆவேசம் மட்டும் பிறவிக் குணமா? அங்கேயும் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. காட்டில் பிடித்த ஸ்ப்ளெண்டென்ஸ் ஆண்கள் மோதினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் ஒன்று பின்வாங்கிவிடும். வளர்ப்பு மீன் மணிக்கணக்கில் நிற்கும். தோற்ற மீனின் வம்சத்தைத் தள்ளிவிட்டு ஜெயித்த மீனை மட்டும் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டால் வேறென்ன வரும்? 2022-இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, இந்த மீனை மனிதர்கள் வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது ஆயிரம் வருஷம் இருக்கும் என்று கணித்தது. தஞ்சைப் பெரிய கோயில் எழுந்த காலம்! வளர்ப்பு மீனின் மரபணுவில் நம் 'சாது' இம்பெல்லிஸின் கலப்பும் இருப்பதை அதே ஆய்வு காட்டுகிறது. ஆக, கேண்டர் இனத்தைத் தவறாகப் பிடித்தாலும் அடிப்படையான ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்திருந்தார்: சண்டைக்கு வைத்திருக்கும் மீன் செயற்கையாக உண்டாக்கப்பட்டது. 2019-இல் தாய்லாந்து இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. பல நூறு வருஷமாக மனிதன் செதுக்கிய உயிர். அந்தத் தகுதி அதற்கு உண்டு.

இன்று நம் கடைகளில் பிளாஸ்டிக் குவளைகளில் அடுக்கி வைத்திருக்கும் மீன்கள் இந்த வம்சம். குவளைக்கும் குவளைக்கும் நடுவில் அட்டை செருகியிருப்பார்கள். அட்டையை எடுத்தால் இரண்டும் கண்ணாடியில் முட்டும், வைத்தால் அடங்கும். கேண்டர் எழுதியது அப்படியே. இதில் ஒன்றை வாங்கிவந்து, வீட்டில் கப்பியும் டெட்ராவும் கோரியும் கூடி வாழும் சின்னத் தொட்டியில் விட்டுவிட்டு, மறுநாள் காலை கப்பியின் வால் பாதி இல்லை என்று புலம்புபவர்கள் அநேகம். "சனியன் பிடிச்ச மீன், குணமே அப்படித்தான் லா" என்பதுதான் வழக்கமான தீர்ப்பு.

குணம் என்ற சொல்லை அறிவியலில் பெரிதாக உட்கார வைத்தவர் கொன்ராட் லோரன்ஸ். ஆஸ்திரியர், 1973-இல் நோபல் வாங்கியவர். 1938-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவரும்கூட. 1963-இல் அவர் எழுதிய ஆக்கிரமிப்பு பற்றிய நூல் முழுக்க மீன்தொட்டிகள்தான். அவர் உதாரணம் காட்டும் மீன்களில் ஒன்று தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிமுகங்களில் வாழும் மஞ்சள் நிறச் சிக்லிட், எட்ரோப்ளஸ் மாக்குலேட்டஸ். மலையாளத்தில் பள்ளத்தி. ஜோடியை மட்டும் தனியாகத் தொட்டியில் விட்டால் ஆண் தன் துணையையே அடித்துக் கொல்லும். பக்கத்தில் வேறு மீன்கள் இருந்தால் கோபம் அங்கே போய்விடும், குடும்பம் பிழைக்கும் என்றார். இதற்கு அவர் கண்ட உபாயம்: பெரிய தொட்டியின் நடுவில் கண்ணாடித் தடுப்பு, இருபுறமும் ஒவ்வொரு ஜோடி. ஆண்கள் இருவரும் கண்ணாடி வழியே ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு வீட்டில் நல்ல புருஷர்களாக இருப்பார்கள். கண்ணாடியில் பாசி படர்ந்து பக்கத்து வீடு மங்கலாகும்போது மனைவிக்கு அடி விழத் தொடங்கும். பாசியைத் துடைத்தால் சரியாகிவிடும். படிக்கச் சுவாரசியமான இடம். நம் ஃப்ளாட் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இன்னும் சுவாரசியம்.

லோரன்ஸ் இதிலிருந்து எழுப்பிய கோட்பாடுதான் சிக்கல். ஆவேசம் உள்ளே தண்ணீர்போல ஊறிக்கொண்டே இருக்கிறது. வெளியேற வழி தராவிட்டால் அழுத்தம் ஏறி, சின்னக் காரணத்துக்கும் வால்வு திறந்துகொள்ளும். 1950-லேயே இதற்கு ஒரு படம் போட்டிருந்தார்: குழாய், தொட்டி, சுருள்வில் வைத்த வால்வு. பொறியியல் படித்தவனுக்கு அந்தப் படம் உடனே பிடித்துவிடும், அதுதான் ஆபத்து. ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் அளவுமானி வைத்து அழுத்தத்தைப் படிப்போம். மீனுக்குள் அந்தத் தொட்டி எங்கே, எதை வைத்து அளப்பது? டேனியல் லேர்மன், ராபர்ட் ஹைண்ட் போன்றவர்கள் அந்தக் காலத்திலேயே இதைக் கேட்டார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இந்த அழுத்தக் கதையைக் கைவிட்டுவிட்டார்கள். 

எனக்குத் தோன்றுவது வேறு. லோரன்ஸ் மீனுக்குள் இருக்கும் தொட்டியைத் தேடினார். மீன் இருக்கும் தொட்டியை அவ்வளவாகக் கணக்கில் எடுக்கவில்லை. ஓடையிலோ கழிமுகத்திலோ சண்டை என்பது பெரும்பாலும் ஒருவன் ஓடிப்போவதில் முடிகிறது. ஐந்து விநாடி, பத்து விநாடி. தோற்றவன் வேருக்குப் பின்னால் மறைந்ததும் ஜெயித்தவனுக்கு வேலை இல்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் ஐம்பது லிட்டருக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் பிடிக்கும். தோற்றவன் ஓடுகிறான், கண்ணாடியில் முட்டித் திரும்புகிறான், ஜெயித்தவன் கண்ணில் மறுபடி படுகிறான். 'நான் போய்விட்டேன்' என்று சொல்ல அவனுக்கு இடமே இல்லை. ஒரே மோதல் நாள் முழுக்க மறுபடி மறுபடி நடக்கிறது. கொல்வது குணமா, கண்ணாடியா?

1867 ஆகஸ்டில் ஜார்ஜ்டவுனில் பத்து நாள் கலவரம் நடந்தது. ஒரு பக்கம் கீ ஹின் சங்கமும் வெள்ளைக் கொடிக் குழுவும், இன்னொரு பக்கம் தோ பெக் கோங் சங்கமும் சிவப்புக் கொடிக் குழுவும். இதை இனச் சண்டை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் சீனர்கள் இருந்தார்கள். இரண்டு பக்கமும் மலாய்க்காரர்களும் ஜாவி பெரானாக்கன்களும் தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள். ஆர்மீனியன் தெருவைச் சுற்றியுள்ள நான்கைந்து தெருக்கள், கடலுக்கும் மலைக்கும் நடுவே நெருக்கியடித்த ஊர், லாரூட்டின் ஈயம், மேலே சொன்ன குத்தகைகள். இவற்றுக்குள் யார் எங்கே நிற்பது என்ற பிரச்சினை அது. கலவரம் முடிந்து ஆணையம் விசாரித்து, நான்கு குழுக்களுக்கும் அபராதம் போட்டார்கள். குத்தகை முறை தொடர்ந்தது.

சரி, சின்னத் தொட்டியில் ஓர் ஆள் எல்லாரையும் துரத்துகிறான் என்றால் என்னதான் செய்வது? பழைய மீன்காரர்களுக்குத் தெரிந்த வித்தை ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. துரத்துகிறவனை வலையில் எடுத்துத் தனிப் பாத்திரத்தில் சில நாள் வைப்பார்கள். தண்டனையாக இல்லை. அவன் இல்லாத நேரத்தில் தொட்டிக்குள் கற்களையும் கட்டைகளையும் செடிகளையும் இடம் மாற்றிவிடுவார்கள். மற்ற மீன்கள் புதிய இடங்களைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அவனை உள்ளே விட்டால் அவன்தான் புதிதாக வந்தவன். எந்த மூலை தன்னுடையது என்று அவனுக்குத் தெரியாது. முன்பே குடியிருப்பவனுக்குத்தான் மோதலில் வாய்ப்பு அதிகம் என்பது ஆய்வாளர்களும் பல இனங்களில் பார்த்தது. பல நேரம் இது பலிக்கிறது. பலிக்காத மீன்களும் உண்டு. அதைக் கடையில் திருப்பிக் கொடுப்பதோ தனித் தொட்டி வைப்பதோதான் வழி, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒன்றை ஒன்று பார்க்காதபடி நீண்ட தண்டுச் செடிகள், மிதக்கும் செடிகள், ஒரு கெத்தாப்பாங் இலை (நம் நாட்டு வாதுமைதான்) போட்டு வைத்தாலே பாதிப் பிரச்சினை குறையும். குவளைகளுக்கு நடுவே கடைக்காரர் வைக்கும் அட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

துரத்துகிறவன் என்று நாம் நினைப்பவனே அடிவாங்குகிறவனாக இருப்பதும் சகஜம். நீளத் துடுப்பு வைத்த வளர்ப்புப் பெட்டாவால் வேகமாக நீந்த முடியாது. அந்தத் துடுப்பு அது கேட்டு வாங்கியது இல்லை, நாம் அழகுக்காக இழுத்து நீட்டியது. டைகர் பார்ப் மீன்கள் இருக்கும் தொட்டியில் விட்டால் அவை கூட்டமாக வந்து கொத்திக் கிழித்துவிடும். குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பவன் மேல் திருட்டுப்பழி விழுவது மாதிரி, தொட்டியில் எந்த மீனின் வால் கிழிந்திருந்தாலும் முதல் சந்தேகம் 'ஃபைட்டர்' மேல்தான்.

பக்னாக்ஸுக்கு நூற்றைம்பது வருஷம் கழித்து, மலேசியா தானே ஒரு சண்டைக்காரனை உற்பத்தி செய்தது. 1990-களில், மேற்குக் கரையில் மீன் வளர்ப்பவர்கள் மத்திய அமெரிக்கச் சிக்லிட்களை ஒன்றோடொன்று கலந்தார்கள். தைவானில் உருவான பிளட் பேரட்டும் கலப்பில் சேர்ந்தது. தசாப்தத்தின் கடைசியில் வந்தது ஹுவா லோஹான். ஆங்கிலத்தில் ஃபிளவர்ஹார்ன். நெற்றியில் தேங்காய் மாதிரிப் புடைப்பு, உடம்பில் சிவப்பு, விலாவில் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக எழுத்துபோல. 2000-க்குப் பிந்தைய சில வருஷங்களில் இந்த நாட்டில் லோஹான் தொட்டி இல்லாத கோப்பிக் கடை குறைவு. விலாவில் உள்ள புள்ளிகளில் எண்களைப் படித்து நாலு நம்பர் எழுதினார்கள். நல்ல புடைப்பும் நல்ல 'எழுத்தும்' உள்ள மீனுக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுக்க ஆள் இருந்தது. கூடி வாழும் தொட்டி என்ற பேச்சே இல்லை. தொட்டிக்கு ஒன்று, அவ்வளவுதான். வளர்ப்பவர் விரலை வைத்தாலும் கடிக்க வரும். அந்த ஆவேசத்தை ஒரு தகுதியாகவே பார்த்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நம் கையைப் பின்தொடர்ந்து முட்டுகிற மீனுக்குத்தான் கிராக்கி.

பெயரைத்தான் பாருங்கள். லோஹான் என்பது அர்ஹத் என்ற சொல் சீனத்தில் தேய்ந்து வந்த வடிவம். புத்தருடைய சீடர்களில் ஆசையையும் கோபத்தையும் வென்றவர்கள். புடைத்த நெற்றியோடு சீனக் கோயில்களில் பதினெட்டுப் பேராக உட்கார்ந்திருக்கும் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். மீனுக்கு அந்தப் பெயர் வந்ததும் நெற்றியால்தான். தமிழில் சமணர்களின் அருகன் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். சினத்தை வென்றவன் பெயர் கடிக்கிற மீனுக்கு.

மோகம் சில வருஷங்களில் வடிந்தது. எல்லாரும் வளர்க்கத் தொடங்கியதும் விலை சரிந்தது. தொட்டிக்கு ஒன்றுதான் வைக்க முடியும் என்கிற மீன், நூற்றுக்கணக்கில் குஞ்சு பொரிக்கும்போது மிச்சத்தை எங்கே வைப்பது? ஆற்றிலும் குட்டையிலும் கொண்டுபோய் விட்டார்கள். சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் அது குடியேறிவிட்டது. நம் பக்கத்துப் பழைய ஈய லம்பங்களிலும் தூண்டிலில் சிக்குகிறது. ஆஸ்திரேலியா இதை உள்ளே விடவே மறுக்கிறது. தூண்டில்காரர்கள் பிடித்ததும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வாளியில் போடுகிறார்கள். விலாவில் புள்ளிகள் இன்னும் வரிசையாகத்தான் இருக்கின்றன. யாரும் எண்களைப் படிப்பதில்லை.